பெர்லினில் ஒரு ஈட்டித் தொப்பி

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகண்ணி எல்லாம் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். ஆபீஸ் வேலையாகப் போய் மாட்டிக்கொண்ட என்னைப் போன்ற ஆசாமிக்கு ஒரே கதி, டீயர்கார்ட்டன் பூங்கா ஓரமாக 'ஜூன் 17 சாலை'யில் கூடும் பழைய சாமான் சந்தைதான். வெள்ளிக் கரண்டி, ஓடாத கடிகாரம், யாரோ ஒரு புண்ணியவானின் கல்யாண ஆல்பம்... சகலமும் கிடைக்கிறது!

ஒரு மேஜையில் அதைப் பார்த்தேன். கறுப்புத் தோல் தொப்பி. உச்சியில் பித்தளை ஈட்டி, முன்பக்கம் சிறகு விரித்த கழுகு. முதல் உலகப் போர் போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். 'பிக்கல்ஹாபே' என்று பெயர். பளபளவென்று மின்னியது. ஆசையாகக் கையில் எடுத்தேன்.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அவருடைய இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே லட்சணம். அதனால் சுலபமாகப் பேச முடிந்தது.

"இந்தியாவா?"

"ஆமாம் சார்."

"அப்ப கீழே வெச்சுடுங்க. அது உங்க ஊர்ல செஞ்ச டூப்ளிகேட்!"

அசடு வழிந்தேன். பாவமாக இருந்ததோ என்னவோ, மேஜைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே அசல். அவருடைய தாத்தா 1914-ல் போட்டுக்கொண்டு போனதாம்.

பிரஷ்ய ராணுவத்தில் இந்தத் தொப்பி 1842-ல் வந்தது. தோலைக் கெட்டிப்படுத்தி, அச்சில் வார்த்து, மேலே கறுப்பு வார்னிஷ் ஏற்றுவார்கள். மழை, கத்திவெட்டுக்கெல்லாம் சமாளிக்கும். குண்டுச் சிதறலுக்கு? ஊஹூம்! போதாக்குறைக்கு, போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கப்பல்கள் கடலை மறித்துவிட, வெளிநாட்டுத் தோல் வருவது நின்றுபோனது. கம்பளிக் கூழில்கூடத் தொப்பி செய்து பார்த்தார்கள். 1916-ல் இரும்புத் தொப்பி வந்தது. ஈட்டி மரியாதையாக விடைபெற்றது.

பெட்டியிலிருந்த தொப்பியில் வார்னிஷ் கோடை காலத்து ஏரி மாதிரி வெடித்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"கொஞ்சம் ஷூ பாலீஷ் போட்டுத் தேய்ச்சா..."

மனிதர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க அப்பாவும் அப்படித்தான் நினைச்சார்" என்று தொப்பியைத் திருப்பிக் காட்டினார். எண்ணெய் குடித்த பின்பக்க விளிம்பு தொளதொளவென்று தொங்கியது. நல்லெண்ணத்தோடு தடவிய எண்ணெய்! மொத்தமாகப் புது வார்னிஷ் அடித்தாலோ, சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்களாம்.

அவர் வைத்தியம் வேறு. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, கறுப்புச் சாயம் சேர்க்கிறார். வார்னிஷ் உதிர்ந்து தோல் தெரிகிற இடத்தில் மட்டும், மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பூச்சு. ஒரு நாள் காய வேண்டும். அப்புறம் அடுத்த பூச்சு. வெடிப்புகளைத் தொடுவதே இல்லை. பித்தளையையும் பளிச்சென்று துலக்குவதில்லை. உள்பட்டையில் தாத்தாவின் வியர்வைக் கறை அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாக உள்ளங்கை அகலம்தான் முடிந்திருக்கிறது. நம்ம ஆபீஸ் ஃபைல்கூட இதைவிட வேகம்!

"இந்த அரக்குப் பூச்சு வேண்டாம்னா, பின்னாடி வர்றவங்க ஸ்பிரிட் தொட்டு எடுத்துடலாம். அந்த வசதியை நாம விட்டு வைக்கணும்" என்றவர், செதில் டப்பாவை நீட்டினார். "இதுவும் உங்க நாட்டுச் சரக்குதான். ஆனா ஒரிஜினல்!"

நிஜம்தான். ஜார்க்கண்ட் பக்கம் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் பூச்சிகள் கட்டுகிற அரக்கு!

இடப்பக்கம் ஆழமாக ஒரு கீறல். "சண்டையில பட்டதா?" என்றேன்.

"தாத்தா அப்படித்தான் சொல்வார். 'மாடிப்படியில உருட்டி விட்டார்'னு பாட்டி சொல்வாங்க."

"அதை அடைக்கலையா?"

"யார் சொன்னது நிஜம்னு தெரியாம எப்படி அடைக்கிறது?"

மகள் விற்றுவிடச் சொல்கிறாளாம். ஒவ்வொரு ஞாயிறும் விற்கத்தான் எடுத்து வருகிறாராம். "என்ன விலை?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பெட்டியை மூடி மேஜைக்கடியில் தள்ளிவிட்டார்.

வெறுங்கையோடு வர மனசில்லை. டூப்ளிகேட்டை வாங்கிக்கொண்டேன். சென்னை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் ஈட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஃபாரின் சாமானா சார்?"