இலண்டன் மாநகரின் தவறணைகள்

தவறணை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் முகஞ் சுளிப்பர். இலண்டனில் 'பப்' என வழங்கும் பொதுமனையோ வேறு வகையினது. அயலவர் கூடியிருந்து ஊர்க்கதை பேசும் திண்ணை என்றே அதனைக் கூறலாம். என் போல் மது அருந்தாதாரும் அங்கு உணவுண்டு இளைப்பாறலாம்.

தேம்ஸ் நதியின் தென்கரையிலே, சதர்க் பகுதியில், 1677 இல் மீளக் கட்டப்பெற்ற 'ஜோர்ஜ்' விடுதி உளது. குதிரை வண்டிகள் வந்து தரித்த முற்றத்தை நோக்கிய மர மாடங்களில் ஒரு பக்கமே எஞ்சியுள்ளது. ஏனையவற்றைப் புகையிரதக் கம்பனியொன்று இடித்துவிட்டது. வடகரையில் பிளீற் வீதியிலே, 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் எழுந்த 'செஷயர் சீஸ்' இருக்கிறது. பத்திரிகை நிலையங்கள் அவ்வீதியை விட்டகன்ற பின்பும் அதன் இருண்ட சிற்றறைகள் மாறவில்லை.

இவற்றினும் என்னைக் கவர்ந்தது, வடமேற்கே கில்பேர்ண் பகுதியிலுள்ள 'கார்ல்ற்றன்' என்னும் எளிய தவறணையே. 1920 களில் எழுந்த அதனை, பாதுகாக்கப்படும் கட்டடமாக்க ஆலோசனை நடந்துகொண்டிருக்கையில், உரிமையாளர் 2015 ஏப்பிரலில் அனுமதியின்றி இடித்துத் தள்ளினர். ஊரார் வாளாவிருந்தாரல்லர். இடித்தவர்களே முன்னிருந்தவாறு கட்டித் தரல் வேண்டுமென வெஸ்ற்மினிஸ்ரர் மாநகர சபை ஆணையிட்டது, மேன்முறையீடும் பலிக்கவில்லை. முன்னரே எடுத்து வைத்திருந்த விவரக் குறிப்புகளைக் கொண்டு பழைய முகப்பு மீள எழுந்தது. 2021 ஏப்பிரலில் கதவு திறந்தது. அயலவர் மீண்டும் வந்தமர்ந்தனர்.