எந்தத் தெரு?

சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வடசேரிக்கு வந்து ஓராண்டாகிறது. எனக்குப் புது ஊர். அவளுக்குப் பிறந்த ஊர். அவள் பிறந்தபோது இது தமிழ்நாட்டில்கூட இல்லை. 1956 நவம்பர் 1இல்தான் இணைந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. மாடியில் துணி காய்ந்தால் அதிசயம்.

சென்னையில் ஐம்பது வருஷம் அம்மா தன் பேச்சை ஒளித்துவைத்திருந்தாள். வாய் திறந்தால் “மலையாளமா?” என்பார்கள். நானும் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன்.

கனகமூலம் சந்தையில் மட்டிப்பழக் குலையைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்: “மக்கா, இந்தக் கொலைக்கு என்ன வெல சொல்லுக?” அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பேரம் கால்மணிநேரம் நடந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது.

காசு வாங்கும்போது கடைக்காரர் என்னைப் பார்த்தார். “தம்பிக்கு எந்த ஊரு?”

பிறகு அம்மாவிடம், “அக்காவுக்கு எந்தத் தெரு?”