மெதுவாக வளரும் மூளைக்கட்டியும் நம் தவக்குலும்



தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தைக்குச் சென்ற ஆண்டு திடீரென வலிப்பு வந்தது. வயது 38. ஜின்னின் தீண்டல் என்று கருதி, ஓதிப் பார்க்க எம்மிடம் அழைத்து வந்தனர். ஓதினோம், துஆச் செய்தோம், ஸ்கேனும் எடுத்தே ஆகவேண்டும் என்று வலியுறுத்தினோம். மூளையில் மெதுவாக வளரும் கட்டி இருப்பது தெரிந்தது.

அறுவையில் கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. அதன்பின் மருத்துவர், கதிர்வீச்சு இப்போது வேண்டாம், குறித்த காலங்களில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்போம் என்றார். "கைவிட்டுவிட்டார்களா, ஹஜ்ரத்?" என்று அம்மாணவரின் தாயார் கலங்கினார்.

கைவிடவில்லை. 2005-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், உடனே கதிர்வீச்சு பெற்றோருக்கு நோய் மீண்டும் வளராதிருந்த காலம் 5.3 ஆண்டுகள், பிறகு பெற்றோருக்கு 3.4 ஆண்டுகள். ஆயினும் இரு சாராரின் ஆயுட்காலத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கதிர்வீச்சு நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதால் தள்ளிவைப்பதும் ஒரு சிகிச்சை முறையே.

எல்லோருக்கும் இது பொருந்தாது. 40 வயதைக் கடந்தவர்கள், கட்டி முழுமையாக அகற்றப்படாதவர்கள் ஆகியோரை ஆராய்ந்து 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் சராசரி வாழ்நாள் 7.8 ஆண்டுகள்; கீமோ மருந்தும் சேர்த்துப் பெற்றோருக்கு 13.3 ஆண்டுகள். குறிப்பிட்ட மரபணு மாற்றமுள்ள கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்னும் மாத்திரையை 2024-இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆகவே, ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் பின்பற்றலாகாது.

இத்துறை நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதே நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். குறித்த நாளில் ஸ்கேனுக்குச் செல்வதும் வலிப்பு மாத்திரையைத் தவறவிடாததும் அவ்வாறு கட்டுவதேயாகும்.

ரமலான் நெருங்கியபோது, நோன்பு நோற்க அவர் பெரிதும் விரும்பினார். மாத்திரை வேளை தவறினாலும் உறக்கம் குறைந்தாலும் வலிப்பு திரும்பலாம் என்பதால், மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கச் சொன்னோம். இவ்வாண்டு வேண்டாம் என்றார் மருத்துவர். நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகையை ஏற்பதும் இபாதத்தே என விளக்கினோம். மனம் தேறி, ஸஹர் நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிவிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. ஆமீன்.