மீன்குஞ்சும் நீச்சலும்

"மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டுமோ?" என்பது நம்மவர் நாவில் நாடோறும் வழங்கும் பழமொழி. பறவை தீண்டியும், ஆமை நினைந்தும், மீன் நோக்கியும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் என்று பெரியோர் கூறுவதையும் அன்பர்கள் கேட்டிருப்பீர்கள். தன் குஞ்சின்பொருட்டு மீன் படும் பாடு மிகச் சிறிது என்பதே இவ்விரண்டாலும் பெறப்படும் கருத்து. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். குமணன்சாவடியில் என் வீட்டுக் கூடத்திலுள்ள கண்ணாடித் தொட்டியொன்று அவ்வெண்ணத்தை மாற்றியது. அம்மாற்றம் எளிதில் வந்ததன்று. என் பிழையால் பல சிற்றுயிர்கள் மாண்ட பின்னரே வந்தது. அதனை மறையாது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், என் மகளின் விருப்பத்திற்கிணங்கி, அவளை அழைத்துக்கொண்டு கொளத்தூருக்குச் சென்றேன். சென்னையின் வடபால் உள்ள அவ்வூர் அலங்கார மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்றது. வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே பல உள்ளன. அங்கிருந்து இரண்டங்குல அளவுள்ள டிஸ்கஸ் மீன்கள் ஆறு வாங்கி வந்தோம். ஆண் பெண் வேற்றுமை பார்வைக்குப் புலப்படாத இனமாதலின், ஆறேழு மீன்களை ஒருங்கே வளர்த்து, அவை தாமே இணை தேடிக்கொள்ளும்வரை காத்திருப்பதே இதனை வளர்ப்போர் கைக்கொள்ளும் வழி.

டிஸ்கஸ் என்பது தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றிலும் அதன் கிளையாறுகளிலும் வாழ்வது. உடல் தட்டையாகவும் வட்டமாகவும் அமைந்திருத்தலால், வீரர் எறியும் வட்டின் பெயரையே பெற்றது. 1840-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா தேசத்து ஹெக்கல் என்னும் விலங்கியல் அறிஞர் இதனை முதன்முதல் நூன்முறையில் விவரித்தார். இதற்கு வேண்டுவது உப்புச்சத்துக் குறைந்த மென்மையான நீர். வெப்பம் 28 முதல் 30 பாகை வரை இருத்தல் வேண்டும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரோ, காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்சுண்ணம் படியும் கடின நீர். ஆகவே மாடியில் விழும் மழைநீரைச் சேமித்தும், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் வடித்த நீரைக் கலந்தும் தொட்டியை நிரப்பி வந்தோம்.

பதினைந்து மாதங்கள் கழிந்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இரு மீன்கள் ஏனையவற்றைத் துரத்தித் தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டன. அவற்றை வேறொரு தொட்டியில் விட்டு, கவிழ்த்த மண் பூந்தொட்டி ஒன்றை உள்ளே வைத்தோம். அதன்மேல் வரிசை வரிசையாக முட்டையிட்டன. முதன்முறை முட்டைகள் யாவும் வெளுத்துப் பூஞ்சை படர்ந்து கெட்டன. நீரின் கடினம் போதிய அளவு குறையவில்லை என்று அறிந்து அதனைத் திருத்தினோம். இரண்டாம் முறை பெற்றோரே தம் முட்டைகளைத் தின்றுவிட்டன. புதிதாய் இணைந்த மீன்கள் இவ்வாறு செய்தல் வழக்கமே என்பதை நான் அப்பொழுது அறியேன். சினங்கொண்டேன். மூன்றாம் முறை முட்டையிட்டதும், பூந்தொட்டியைத் தனிப் பாத்திரத்திற்கு மாற்றத் துணிந்தேன்.

"அப்பா, இன்னும் ஒரு முறை அவற்றிடமே விட்டுப் பார்ப்போமே" என்றாள் மகள்.

"தின்னும் தாயினும் காக்கும் செவிலி நல்லவள் அல்லவா?" என்று விடையிறுத்து, என் எண்ணப்படியே செய்தேன்.

முட்டைகள் மூன்றாம் நாள் பொரிந்தன. மேலும் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தலாயின. அவித்த கோழிமுட்டையின் மஞ்சட் கருவைக் குழைத்துப் பாத்திரத்தின் விளிம்பில் தடவினேன். நாளைக்கு ஆறு முறை நீர் மாற்றினேன். குஞ்சுகள் அவ்வுணவை நாடாமல், எதையோ தேடுவனபோல் பாத்திரத்தின் சுவரோரம் சுற்றிச் சுற்றி வந்தன. கரு அழுகி நீர் கலங்கிற்று. நான்காம் நாட் காலையில் ஒன்றேனும் உயிருடன் இல்லை. மகள் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றாள். அந்த மௌனம் எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

நவம்பர் 21 அன்று நான்காம் முறை முட்டையிட்டன. இம்முறை நான் கைவைக்கவில்லை. ஆணும் பெண்ணும் மாறிமாறிக் காவலிருந்து, செட்டைகளால் முட்டைகளின்மீது நீரை வீசின. அவ்விரண்டின் நிறமும் சற்றே கருத்தது. 26 அன்று குஞ்சுகள் பூந்தொட்டியை விட்டெழுந்து, நேரே பெற்றோரின் விலாப்புறத்தைச் சென்று பற்றின. அவை முன்னே தேடியது இன்னதென்று எனக்கு அப்பொழுதே விளங்கிற்று. டிஸ்கஸ் மீனின் தோலினின்றும் ஊறும் வழுவழுப்பான கோழையே அக்குஞ்சுகளின் முதலுணவு. தாய்ப்பாலையொப்ப ஊட்டமும் நோய்தடுக்கும் ஆற்றலும் உடையது. தாய் மட்டுமன்று, தந்தையும் ஊட்டும். ஒரு மீன் களைத்தவுடன் உடலை ஒருமுறை சிலிர்த்துக் குஞ்சுகளை உதறும். அவை கூட்டமாய் மற்றதன்மேல் சென்று ஒட்டும். இவ்வழக்கம் அயல்நாட்டு மீனுக்கே உரியதும் அன்று. கேரளத்தார் பள்ளத்தி என்றழைக்கும் சிறுமீனின் குஞ்சுகளும் பெற்றோரின் மேனியைக் கொறிப்பதுண்டு. நம் ஏரிகளில் விரால் தன் செந்நிறக் குஞ்சுத்திரளை விட்டகலாது காவல் செய்வதைக் கிராமத்தார் நன்கறிவர்.

நிற்க. டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னையைப் பெருமழையில் ஆழ்த்தியது. 4 அன்று விடியுமுன் மின்சாரம் நின்றது. நீரில் காற்றை ஊதும் பொறியும், நீரைச் சூடாக்கும் பொறியும் ஒருங்கே ஓய்ந்தன. மாலைக்குள் தொட்டியின் வெப்பம் 29 பாகையினின்றும் 25-க்கு இறங்கிற்று. நானும் மகளும் அடுப்பில் வெந்நீர் காய்ச்சிப் புட்டிகளில் அடைத்து மிதக்கவிட்டோம். குவளையால் நீரை முகந்து, ஒரு சாண் உயரத்தினின்றும் திரும்ப ஊற்றிக் காற்றேற்றினோம். மெழுகுவர்த்தி ஒளியில், மணிக்கொருவராக முறைவைத்து இரவு முழுதும் இவ்வாறு செய்தோம். பெரிய மீன்கள் இரண்டும் மூச்சு வாங்கச் செவுள்களை விரைந்து அசைத்தன. எனினும் மேனியில் ஒட்டிய குஞ்சுகளை உதறித் தள்ளவில்லை. மறுநாள் மாலை மின்சாரம் வந்தபொழுது, எழுபது குஞ்சுகளில் நாற்பத்தொன்று எஞ்சியிருந்தன.

டிசம்பர் நடுவில், குஞ்சுகள் பிறந்த மூன்றாம் வாரத்தில், ஒரு புதுமை கண்டேன். புயலிலும் குஞ்சுகளைச் சுமந்த அம்மீன்கள், அவை நெருங்குங்கால் விலகி நீந்தத் தொடங்கின. முதலில் சில நொடிப்பொழுது, பின்னர் நெடுநேரம். அன்பு வற்றிற்றோ என்று வருந்தினேன். ஆனால் இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபொழுது ஐயம் நீங்கிற்று. முதலிரு வாரங்களும் ஓயாது ஊட்டும் டிஸ்கஸ் பெற்றோர், மூன்றாம் வாரமளவில் சிறிது சிறிதாக விலகிச் சென்று, குஞ்சுகள் வேற்றிரை தேடும்படி செய்கின்றன என்றும், இது பாலூட்டும் உயிர்கள் பால் மறக்கச் செய்வதனை ஒக்கும் என்றும் அவர்கள் கண்டனர். எங்கள் குஞ்சுகளும், உப்புநீரில் நாங்கள் பொரித்து இட்ட ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலை அந்நாட்களில்தாம் ஆவலுடன் வேட்டையாடப் பழகின. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றினோம். ஒன்றும் மடியவில்லை.

ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இதனால் நாணமே உண்டாயிற்று. ஊட்ட வேண்டிய பருவத்தில் பிரித்தெடுத்துக் கொன்றவன் நான். வகுப்பறையிலோ, விலக வேண்டிய பருவத்தில் குறிப்புகளை எழுதுவித்து எழுதுவித்து, மாணாக்கர் தாமே நூலைத் திறவாதபடி செய்தவனும் நானே. இரண்டும் ஒரு பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் நான் நோக்கியது என் கவலையையேயன்றி, எதிரிலிருந்த இளம் உயிரின் பருவத்தை அன்று.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மகள் திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதி புகுந்தாள். நாள்தோறும் மும்முறை தொலைபேசியில் அழைத்து, உண்டாயா, உறங்கினாயா என்று வினவி வந்தேன். ஒருநாள் அவள் நகைத்து, "அப்பா, எனக்கு இது மூன்றாவது வாரம்" என்றாள். பொருள் விளங்கிற்று. அன்று முதல் அவளே அழைக்கும்வரை காத்திருக்கப் பழகுகின்றேன். மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டுவதில்லை என்பது உண்மையே. விலகி நீந்தும் கலையை நான்தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றேன்.