தொண்டை எனும் அமானிதம்



தஜ்வீத் வகுப்பில் நாம் முதலில் கற்பிப்பது எழுத்துகளின் பிறப்பிடங்களை. தொண்டையின் அடியில் இரண்டு, நடுவில் இரண்டு, மேற்பகுதியில் இரண்டு என ஆறு எழுத்துகள் அங்கிருந்து பிறக்கின்றன. பல்லாண்டுகள் இதைக் கற்பித்தும், அத்தொண்டைக்குள் இருக்கும் அருட்கொடையை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ரஜபில் தொடங்கிய கரகரப்பு ஷஅபான் பாதியிலும் தீராதபோதுதான் எண்ணினோம்.

அதிமதுரம், தேன், சுக்கு எல்லாம் பார்த்தாயிற்று. ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் பணிபுரியும் மாணவர் ஒருவரின் தந்தை சொன்னார்: "ஹஸ்ரத், எங்க அண்ணனும் சளின்னுதான் மாசக்கணக்கா விட்டாரு. பீடிப் பழக்கம் வேற. பார்த்தா புற்றுநோய். நீங்க தள்ளிப்போடாதீங்க."

1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.க்குச் சென்றோம். மூக்கின் வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தித் திரையில் காட்டினார்கள். நாம் பேசும்போது நொடிக்கு 100 முறைக்கும் மேல் அதிரும் இரு குரல் நாண்கள். அவற்றின் ஓரங்களில், உழைப்பாளியின் உள்ளங்கையில் காய்ப்பதைப் போன்ற சிறு முடிச்சுகள். 1854-இல் பல் மருத்துவரின் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே கண்ட மானுவேல் கார்சியாவும் மருத்துவரல்லர், பாட்டு ஆசிரியர்.

அறுவை வேண்டாம் என்றார் மருத்துவர். குரலுக்கு ஓய்வு, போதிய தண்ணீர், குரல் பயிற்சி, கிசுகிசுப்பதும் கூடாது. பிறகு கேட்டார்: "ஏன் இவ்வளவு கத்துகிறீர்கள்?"

நாற்பது பிள்ளைகள் என்றோம். அது பாதி உண்மையே. மீதி, நம் கோபம். குரலைத் தாழ்த்திக்கொள்ளுமாறு லுக்மான் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தையே நாம் உரத்த குரலில் கற்பித்து வந்திருக்கிறோம்!

மதரஸா திரும்பியபின் பலகையை மெல்லத் தட்டினோம். பிள்ளைகள் நெருங்கி வந்து அமர்ந்தார்கள். நம் குரல் தாழ, அவர்களின் இரைச்சலும் தாழ்ந்தது. அவ்வாண்டு தராவீஹில் நம் மாணவர் முன்னின்று ஓத, நாம் பின்வரிசையில் நின்று கேட்டோம். ஓதுவதைப் போலவே கேட்பதும் இபாதத் என்பது அன்று நெஞ்சில் பதிந்தது.

அன்பானவர்களே, கரகரப்பு மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரைக் காணுங்கள். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் சற்றும் தாமதிக்க வேண்டாம். குரலும் அமானிதமே. அதைக் குறித்தும் நாம் கேட்கப்படுவோம். அல்லாஹ் நம் நாவையும் தொண்டையையும் நன்மைக்கே பயன்படுத்துவானாக. ஆமீன்.