வெள்ளெருக்குத் தூண்கள்

அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்குப் போகிற வழியில், வட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சன்னதி முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். சிறுவயதில் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார். தொண்டைமான் குறும்பரை ஜெயித்துப் புழல் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பார். எருக்கு தூண் கனத்துக்கு வளருமா என்று கேட்கத் தோன்றியதில்லை. யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடி, கொடியை வெட்டிய வாள் பட்டு லிங்கத்தில் ரத்தம், அரசனுக்குத் துணைபோக வாசல் பக்கம் திரும்பிய நந்தி என்று ஸ்தல புராணத்தில் எல்லாம் பொருந்தி இருந்தன. யானையும் முல்லையும் சுந்தரர் பதிகத்திலேயே உண்டு. நான் எப்போதும் தொண்டைமான் கட்சிதான்.

பழைய பிரஷ்யர்களைப் பற்றிப் படித்தபோதுதான் இடறியது. பால்டிக் கரையில் தோப்புகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஜனங்கள். 1230-ஐ ஒட்டி ட்யூட்டானிக் சங்க வீரர்கள் சிலுவையோடு வந்தார்கள். 1283-க்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் போர்களை 1326-ல் எழுதி வைத்தவரும் அதே சங்கத்துப் பாதிரி, துஸ்பர்க் பீட்டர். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவர்கள் மொழியும் செத்தது. மிஞ்சியவை மூன்று ஞானோபதேச நூல்கள், 802 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், சில துணுக்குகள். பெயரை மட்டும் ஜெயித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் ஐரோப்பாவை மிரட்டிய பிரஷ்யா, தோற்றவன் பெயரில் நடந்த ராஜ்யம்.

அங்கே இருப்பது ஆவணம், இங்கே புராணம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். மெக்கன்சி சேகரித்த கதைகளில் குறும்பர்கள் இருபத்துநான்கு கோட்டைகள் கட்டியவர்கள், சமணம் தழுவியவர்கள். குறும்பர் என்ற பெயரோடு இன்றும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களையும் புழலையும் முடிச்சுப்போட எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. அகராதியில் குறும்பு என்றால் சிற்றரண், குறுநில மன்னர், பகைவர், பொல்லாங்கு. மயிர் அடர்ந்த ஆடு குறும்பாடு. வீடுகளில் அது பாதித் திட்டு, பாதிக் கொஞ்சல்.

அப்பா போன மறு வருஷம் சித்திரைச் சதயத்துக்குப் போனேன். சந்தனக் காப்பைக் களைந்திருந்தார்கள். வெட்டுக் காயத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியது. நான் தூண் ஓரமாகவே நின்றேன். கூட வந்த பேரன் எட்டித் தூணைச் சுரண்டினான். "குறும்பு பண்ணாதேடா" என்று அதட்டினேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.