இடித்தால் யார் பொறுப்பு?

கடலூர் ஓ.டி.யில் ரயில் நிற்கிற ஸ்டேஷனுக்குப் பெயர் 'கடலூர் துறைமுகம் ஜங்ஷன்'. பெயருக்கு ஏற்ற மாதிரி ரயில் வந்து பிளாட்பாரத்தை ஒட்டி சமர்த்தாக நிற்கிறது. கப்பல்தான் நிற்பதில்லை! இந்தத் துறைமுகத்துக்குக் காலங்காலமாக வந்த பெரிய கப்பல்கள், கரையிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி, தலை தீபாவளிக்கு வந்து தெருமுனையிலேயே கோபித்துக்கொண்டு நின்றுவிட்ட மாப்பிள்ளை மாதிரி நங்கூரம் போட்டு நிற்கும். சமாதானம் பேச பார்ஜ்கள் போகும். உரமோ, இரும்புத் தாதுவோ, ஏற்றுவதும் இறக்குவதும் நடுக்கடலிலேயே நடக்கும்.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய புத்திசாலித்தனம். கரைக்கே வராத கப்பல் கரையில் இடிக்காது. இடிக்காவிட்டால் 'யார் பொறுப்பு?' என்ற கேள்வியே இல்லை.

அந்தக் கேள்விக்கு இப்போது நம் ஊரிலும் வேலை வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பியதிலிருந்து, ஆபீஸ் கேன்டீனில் 'எல்.டி.சி. போட்டு கப்பல்ல போலாமா?' என்று பேசாத ஆள் இல்லை. பதினோரு மாடிக் கட்டடம் மிதந்து வந்து துறைமுகத்தில் சேரும்போது, கொஞ்சம் பிசகி மேடையில் மோதினால் யாரைக் கேட்பது? கேப்டனையா, கம்பெனியையா, துறைமுகத்தையா? சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். இந்தக் கேள்விக்குப் பாதி பதிலாவது இந்த ரோட்டோரத்திலேயே கிடைக்கிறது.

முதல் பதில் பிச்சாவரத்தில்.

சிதம்பரத்தில் நடராஜரைப் பார்த்துவிட்டு, கிள்ளை வழியாக பஸ் பிடித்தால் பிச்சாவரம். 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். வந்த அதே இடம். சுரபுன்னையும் கண்டலும் இரண்டு பக்கமும் குடை பிடிக்க, சந்து சந்தாக ஓடும் தண்ணீர். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் ஒரு படகில். கல்யாணம் ஆகாத நம்மைப் போன்ற நாலு பேர், பெருமூச்சோடு, அடுத்த படகில்!

கரையோர பாஷையில் படகைக் கொண்டுவந்து துறையில் சேர்ப்பதற்கு 'அணைப்பது' என்று பெயர். எவ்வளவு அழகான வார்த்தை பாருங்கள். காதலியையும் அணைக்கலாம், விளக்கையும் அணைக்கலாம், படகையும் அணைக்கலாம். மூன்றிலும் அவசரப்பட்டால் ஆபத்து.

துறை மேடையில் வரிசையாகப் பழைய டயர்கள் தொங்குகின்றன. துடுப்பு போட்டவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே, இந்த மேடையில படகு இடிச்சா யார் பொறுப்பு?"

"துடுப்பு யார் கையில இருக்குதோ அவந்தான் சார்."

"காத்து தள்ளிடுச்சுன்னா?"

"காத்து வரும்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

"உக்காந்திருக்கிறவன் திடீர்னு எழுந்து போட்டோ எடுத்தான்னா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுந்திருக்காதேன்னு சொல்ல வேண்டியதும் துடுப்புக்காரன்தான் சார். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். லட்சக்கணக்கில் பீஸ் வாங்கும் கப்பல் வக்கீல்கள் சொல்வதும் சுற்றி வளைத்து ஏறக்குறைய இதுதான். ஆனால் பெரிய கப்பலில் ஒரு சிக்கல். அங்கே துடுப்பு யார் கையில் என்பதே குழப்பம்!

அதைப் புரிந்துகொள்ளப் பரங்கிப்பேட்டை பக்கம் வர வேண்டும். வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். ஒரு காலத்தில் அரபு நாட்டிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பல் வந்த ஊர். ஆற்று முகத்துவாரம் என்பது சுபாவம் மாறிக்கொண்டே இருக்கும் மேலதிகாரி மாதிரி. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று மணல் மேடு. ஏழு கடல் சுற்றிய கேப்டனுக்கு இது தெரியாது. தினமும் அங்கே புழங்கும் உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். அதனால்தான் உலகம் முழுக்கத் துறைமுகங்களில் 'பைலட்' என்று ஒருவர் இருக்கிறார். விமானம் ஓட்டுபவர் அல்ல. துறைமுகத்து ஆள். சின்னப் படகில் வந்து, கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்றுகொண்டு, 'இன்னும் கொஞ்சம் இடது... மெதுவா... இன்ஜினை நிறுத்து' என்று சொல்லிச் சொல்லிக் கப்பலை உள்ளே கொண்டுவருவார். நம்ம ஊரில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வரலாம்... வரலாம்...' என்று தட்டுவாரே கிளீனர், அவருக்குப் படிப்பும் யூனிபார்மும் சேர்த்தால் பைலட்.

சரி, பைலட் 'வரலாம் வரலாம்' என்று சொல்லி, கப்பல் இடித்துவிட்டது. யார் பொறுப்பு?

நம் நாட்டில் 1908-ல் போட்ட துறைமுகச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் பைலட் இல்லாமல் இந்தத் துறைமுகங்களுக்குள் நகரவே கூடாது என்றது. நியாயம். அடுத்த வரியில் இன்னொன்றும் சொன்னது: பைலட் இருந்தாலும், நஷ்டம் ஏற்பட்டால் கப்பலின் முதலாளியும் கேப்டனும், பைலட்டே இல்லாத மாதிரி, பதில் சொல்லியாக வேண்டும்! (நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ல் புதுச் சட்டம் வந்தது.) இங்கிலாந்தில் முன்பெல்லாம் 'நீங்க கட்டாயப்படுத்தி அனுப்பின ஆள்தானே இடிச்சான்' என்று முதலாளிகள் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1913-ல் சட்டம் போட்டு, 1918-லிருந்து அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

பழைய மாலுமிகள் லாக் புத்தகத்தில் இதை ஒரே வரியில் எழுதுவார்கள்: 'உத்தரவு கேப்டனுடையது, ஆலோசனை பைலட்டுடையது.' ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கன்சல்டன்ட் வருவார், 'இப்படிச் செய்யுங்கள்' என்பார், பீஸ் வாங்கிக்கொண்டு போவார். மெமோ நமக்கு வரும்!

பெரிய விதிவிலக்கு பனாமா கால்வாய். அங்கே மட்டும் கப்பலை ஓட்டும் அதிகாரமே பைலட் கைக்குப் போய்விடும்.

கேப்டன் மட்டும் பாவமா என்றால், அதுவும் இல்லை. 2007 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் மூடுபனியில் 'காஸ்கோ பூசான்' என்ற சரக்குக் கப்பல் பாலத்தின் தூணில் உரசி, எண்ணெய் கொட்டியது. அந்த வழக்கில் பைலட்டுக்குப் பத்து மாதம் ஜெயில். 2013 மே மாதம் இத்தாலியின் ஜெனோவாவில் 'ஜாலி நீரோ' என்ற சரக்குக் கப்பல் திரும்பும்போது கரையில் இருந்த கட்டுப்பாட்டுக் கோபுரத்தையே இடித்துச் சாய்த்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். கேப்டனும் தண்டிக்கப்பட்டார், பைலட்டும் தண்டிக்கப்பட்டார். கேப்டனுக்குத்தான் அதிகம்.

உல்லாசக் கப்பல்களின் கதை வேறு மாதிரி. சுவர் மாதிரி உயர்ந்து நிற்பதால் காற்று அடித்தால் கப்பலே பாய்மரம் ஆகிவிடும். பிரேக் என்ற சமாசாரமே கிடையாது. 2019 ஜூன் 2-ம் தேதி வெனிஸ் நகரக் கால்வாயில் 'எம்.எஸ்.சி. ஓபரா' என்ற 275 மீட்டர் நீளக் கப்பல், இரண்டு இழுவைப் படகுகள் பிடித்தும் நிற்காமல், சங்கு ஊதிக்கொண்டே வந்து மேடையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. இழுவைக் கயிறு அறுந்தது. சிலருக்குக் காயம், நல்ல வேளை, உயிர் போகவில்லை. பிறகு 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கால்வாய்க்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அதே 2019 டிசம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் துறைமுகத்தில் 'கார்னிவல் குளோரி' போய் 'கார்னிவல் லெஜண்ட்' மேல் இடித்தது. இரண்டும் ஒரே கம்பெனி! ஒரே டெப்போ பஸ் இரண்டு முட்டிக்கொண்ட மாதிரி. கண்டக்டர்கள் யாரை யார் திட்டுவது?

இடிபட்ட பயணி என்ன செய்வது? டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். 'வழக்கு போடுவதானால் இந்த ஊர் கோர்ட்டில்தான்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அமெரிக்காவின் மேற்குக் கோடியில் டிக்கெட் வாங்கிய ஒரு தம்பதி. கப்பலில் மனைவி வழுக்கி விழுந்ததற்காக உள்ளூரில் வழக்குப் போட்டார்கள். 'டிக்கெட்டில் புளோரிடா என்று போட்டிருக்கிறதே, அங்கே போங்கள்' என்று 1991-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. சிதம்பரத்தில் விழுந்துவிட்டு டில்லியில் கேஸ் நடத்துவதை விட மோசம்!

கேப்டன், பைலட், கம்பெனி என்று மூன்று பேரைப் பார்த்தாயிற்று. நாலாவதாக ஒருத்தர் இருக்கிறார். கண்ணுக்கே தெரியமாட்டார்.

2024 மார்ச் 26 நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து 'டாலி' என்ற சரக்குக் கப்பல் கிளம்பியது. சிப்பந்திகள் 21 பேர். அதில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். கூடவே இரண்டு பைலட்டுகள். வழியில் கப்பலில் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. பாலத்தின் தூணில் மோதி, பாலமே விழுந்தது. மேலே ரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். நம் பையன்கள் வாரக்கணக்கில் அந்தக் கப்பலை விட்டு இறங்க முடியாமல் கிடந்தார்கள். விசாரணைக்காகப் போன்களும் போய்விட்டன. உலகம் முழுக்க ஆளாளுக்கு 'இந்தியக் குழு' என்று விரல் நீட்டினார்கள்.

2025 நவம்பரில் விசாரணை முடிவு வந்தது. ஒரு ஒயரின் முனையில் மாட்டியிருந்த லேபிள் சரியான இடத்தில் இல்லாததால், ஒயர் முழுசாக உள்ளே போய் உட்காரவில்லை. இணைப்பு லூஸ்! எப்போதோ, யாரோ அரைகுறையாகச் சொருகிவிட்டுப் போன ஒரு சின்ன ஒயர். நாம் ஆபீசில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடி வைக்கும் பைல் மாதிரி.

இந்தக் கரையோர மாவட்டங்களில் கடனை உடனை வாங்கிப் பையனைக் கப்பல் படிப்புக்கு அனுப்பும் அப்பாக்கள் நிறைய. அவர்களுக்கு 'யார் பொறுப்பு' என்பது வெறும் கேன்டீன் அரட்டை இல்லை. கோளாறு ஒயரில் இருந்தாலும், முதலில் கரையில் நிறுத்தி வைக்கப்படுவது கப்பலில் இருந்த பையன்தான்.

ஆனால் அந்த ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது. கப்பல் கட்டுப்பாட்டில் இல்லை என்று தெரிந்ததும் பைலட் ரேடியோவில் எச்சரித்தார். கிடைத்த கொஞ்ச நேரத்தில் போலீஸ் பாலத்துக்கு வரும் வண்டிகளை இரு பக்கமும் மறித்தது. இல்லாவிட்டால் எத்தனை கார்கள் விழுந்திருக்குமோ!

தமிழில் 'பொறுப்பு' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். 'இதுக்கு யார் பொறுப்பு?' என்று அதட்டுவதும் அதுதான். 'பொறுப்பான பையன்' என்று பெண் வீட்டார் மெச்சுவதும் அதுதான். இடித்த பிறகு கோர்ட் தேடுவது முதல் வகை. இடிப்பதற்கு முன்னால் தேவைப்படுவது இரண்டாவது வகை. 2012 ஜனவரியில் 'கோஸ்டா கான்கார்டியா' உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அதன் கேப்டன் பயணிகளுக்கு முன்னாலேயே லைஃப் போட்டில் இறங்கிவிட்டார். 'கால் தவறி விழுந்துட்டேன்' என்றார்! 16 வருஷம் தண்டனை. கம்பெனி பத்து லட்சம் யூரோ அபராதம் கட்டியதோடு கிரிமினல் வழக்கிலிருந்து வெளியே வந்தது. இரண்டு தண்டனைகளையும் தராசில் வைத்துப் பார்த்தால், முதலாளி தட்டு லேசாகத்தான் தெரிகிறது.

நம் கரையிலும் இப்படி உண்டு. 2017 ஜனவரி 28, எண்ணூர் அருகே உள்ளே வந்த எண்ணெய்க் கப்பலும் வெளியே போன எரிவாயுக் கப்பலும் மோதின. கொட்டிய எண்ணெயைப் பையன்களும் மீனவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். இடித்தது யாரோ. அள்ளியது யாரோ!

சிதம்பரத்திலிருந்து வருகிற பஸ் ஓ.டி.யைத் தாண்டி, கடலூர் பஸ் ஸ்டாண்டில் விடும். அங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஷேர் ஆட்டோ. கெடிலக் கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1758 ஏப்ரல் கடைசியில் பிரெஞ்சுக் கப்பல் படை வந்தபோது, இங்கே நின்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்களை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, அவர்களே கரையில் மோதவிட்டு எரித்தார்கள். அது விபத்து இல்லை, வேண்டுமென்றே அணைத்தது! 29-ம் தேதி இந்தக் கடலில் போர். ஆங்கிலத் தளபதி போக்காக்கின் வரிசையில் கடைசியில் வந்த மூன்று கப்பல்கள் சரியாக நெருங்கவில்லை. மூன்று கேப்டன்களையும் ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஒருவருக்கு வேலையே போனது, ஒருவருக்குக் கப்பல் போனது, ஒருவருக்கு ஒரு வருஷ சீனியாரிட்டி போனது!

காற்று சரியில்லை, கப்பல் பழசு, சிக்னல் புரியவில்லை... அன்றைக்கும் காரணங்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. கடல் எதையும் குறித்து வைத்துக்கொள்வதில்லை. குறிப்பு எழுதுவதெல்லாம் கரைதான். அதுவும் முதலில் எழுதுவது கேப்டன் பெயரை.

சென்னையில் உல்லாசக் கப்பல் ஏறினால், தோளில் நாலு தங்கப் பட்டையோடு கேப்டன் கைகுலுக்க வருவார். தாராளமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைகள் ஓட்டியதற்குக் கொடுத்தது பாதி. இடித்தால் பதில் சொல்வதற்குக் கொடுத்தது மீதி. முடிந்தால், கீழே இன்ஜின் ரூமில் ஒயரை அழுத்திச் சொருகிவிட்டு வரும் பையனுக்கும் ஒரு கை கொடுங்கள். நாம் பத்திரமாக அணைவது அவன் கையிலும் இருக்கிறது.